டிரம் கிட் மாறும்போது நோட் எண்களைப் பொருத்தும் முறை

மிடி கோப்பில் ஒலி கிடையாது. எந்த எண், எந்த நேரத்தில், எவ்வளவு வலுவோடு அடிக்கப்பட்டது என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கிறது. ஸ்நேரின் நடுவில் விழும் ஓர் அடி மூன்று பைட்டுகளாகப் பதிவாகும்: 153, 38, 100. முதல் எண்ணுக்குப் பொருள், பத்தாம் சேனலில் ஒரு நோட் தொடங்குகிறது என்பது. இரண்டாவது நோட் எண். மூன்றாவது அடியின் வலு, அதாவது வெலாசிட்டி. அந்த 38 ஸ்நேராகக் கேட்பதும் கௌபெல்லாகக் கேட்பதும் அதை வாங்கி ஒலிக்கும் கிட்டைப் பொறுத்தது. கிட்டை மாற்றினால் எண்கள் அப்படியே நிற்கும். ஒலிகள் இடம் மாறிவிடும். எண்களைப் புதிய கிட்டுக்குப் பொருத்தும் வேலையைச் சரியான வரிசையில் செய்தால், வாசித்தவரின் கை புதிய கிட்டிலும் அப்படியே கேட்கும்.

1983இல் வந்த மிடி 1.0 வரையறை 0 முதல் 127 வரை 128 நோட் எண்களைத் தந்தது. எந்த எண் எந்த டிரம் என்று அது சொல்லவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி எண் கொடுத்தது. 1991இல் வந்த ஜெனரல் மிடி இதை ஓரளவு ஒழுங்குபடுத்தியது: பத்தாம் சேனல் தாளக் கருவிகளுக்கு, 35 முதல் 81 வரை 47 ஒலிகள், 36 கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹேட், 46 திறந்த ஹை-ஹேட், 49 கிராஷ், 51 ரைடு. இந்த எலும்புக்கூட்டை இன்றும் பெரும்பாலான கிட்டுகள் மதிக்கின்றன. சிக்கல் அதைச் சுற்றியுள்ள சதையில்தான். ஜெனரல் மிடி ஒரு கருவிக்கு ஓர் எண் என்ற கணக்கில் பட்டியல் போட்டது. மின்னணு டிரம் பேடோ ஒரே கருவியின் தோலையும் ரிம்மையும் தனித்தனியே உணர்கிறது. அந்தக் கூடுதல் அடிகளுக்கு எண் வேண்டும். ஜெனரல் மிடி வேறு கருவிகளுக்கு ஒதுக்கியிருந்த எண்களையே அவற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எடுத்துக்காட்டாக, ரோலண்டு வி-டிரம்ஸ் மாட்யூலில் பதிவான ஒரு பாடலை ஜெனரல் மிடி கிட்டுக்கு மாற்றுவோம். கிக், ஸ்நேர், மூன்று டாம், ஹை-ஹேட், இரண்டு கிராஷ், ஒரு ரைடு கொண்ட அமைப்பு. மாட்யூல் வழக்கமாக அனுப்பும் எண்கள் இவை: கிக் 36, ஸ்நேரின் தோல் 38, ரிம் 40, கிராஸ் ஸ்டிக் 37, முதல் டாமின் தோல் 48, ரிம் 50, இரண்டாம் டாமின் தோல் 45, ரிம் 47, மூன்றாம் டாமின் தோல் 43, ரிம் 58. ஹை-ஹேட் மூடியிருக்கையில் மேற்பரப்பு 42, ஓரம் 22. திறந்திருக்கையில் மேற்பரப்பு 46, ஓரம் 26. காலால் மிதித்து மூடும் ஒலி 44. முதல் கிராஷின் மேற்பரப்பு 49, ஓரம் 55. இரண்டாம் கிராஷின் மேற்பரப்பு 57, ஓரம் 52. ரைடின் மேற்பரப்பு 51, ஓரம் 59, நடுக்குமிழ் 53. ஒன்பது கருவிகளுக்கு 22 எண்கள்.

எதையும் மாற்றாமல் இதை ஜெனரல் மிடி கிட்டில் ஓட்டிப் பார்ப்பது பயனுள்ள முதல் சோதனை. கிக்கும் ஸ்நேரும் சரியாகவே வரும். ரிம் ஷாட் அடிக்கும் இடங்களில் 40 என்பதால் மின்னணு ஸ்நேர் ஒலிக்கும். இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் விழும் முக்கிய அடிகள் பாதி ஒரு டிரம்மிலும் பாதி இன்னொன்றிலும் கேட்கும். முதல் கிராஷின் ஓரத்தில் விழும் பெரிய அடி 55 என்பதால் சின்ன ஸ்பிளாஷாகச் சுருங்கிப்போகும். இரண்டாம் கிராஷின் ஓரம் 52. அங்கே சைனா சிம்பல் கேட்கும். மூன்றாம் டாமின் ரிம் 58. ஜெனரல் மிடியில் அந்த எண் வைப்ராஸ்லாப்புக்கு உரியது, ஆகவே ஃபில் முடியும் இடத்தில் பல் கிட்டுவதுபோன்ற ஒரு கடகடப்பு வரும். ஹை-ஹேட்டின் ஓரங்களான 22, 26 இரண்டும் 35க்குக் கீழே இருப்பதால் கண்டிப்பான ஜெனரல் மிடி கிட்டில் ஒலியே எழாது. யமஹாவின் எக்ஸ்ஜி கிட்டில் நிலைமை வேறு: அங்கே 22 மெட்ரோனோம் மணி, 26 பிரஷ்ஷைத் தோலில் தேய்க்கும் ஒலி. ஓர் எட்டு அடி ஹை-ஹேட் வரிசை முழுவதும் மணியாக ஒலிப்பதைக் கேட்டால் கோப்பு கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கோப்பில் ஒரு பிழையும் இல்லை.

வேலையின் முதல் கட்டம், மூலக் கோப்பைப் பிரதி எடுத்து மூலத்தைப் பூட்டி வைப்பது. பின்னால் எந்தத் திருத்தம் வந்தாலும் தொடங்க வேண்டிய இடம் அந்த மூலம்தான். பிறகு கோப்பின் வகையைப் பார்க்க வேண்டும். வகை 0 கோப்பில் எல்லாச் சேனல்களும் ஒரே டிராக்கில் கலந்திருக்கும். அதில் கண்ணை மூடிக்கொண்டு 40ஐ 38ஆக மாற்றினால் பேஸ் கிட்டாரின் ஸ்வரங்களும் சேர்ந்து இறங்கும். பத்தாம் சேனலை மட்டும் பிரித்துத் தனி டிராக்கில் வைத்துக்கொண்ட பிறகே மேலே போக வேண்டும். பைட்டில் சேனல்கள் 0 முதல் 15 வரை எண்ணப்படுகின்றன. திரையில் 10 என்று தெரிவது உள்ளே 9. முதலில் பார்த்த 153 என்ற எண், நோட் தொடக்கத்துக்கான 144உடன் இந்த 9ஐக் கூட்டியதுதான்.

இரண்டாம் கட்டம் கணக்கெடுப்பு. டிராக்கில் உண்மையாக வரும் நோட் எண்களை மட்டும் ஏறுவரிசையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எத்தனை முறை வருகிறது, அதன் மிகக் குறைந்த வெலாசிட்டி எவ்வளவு, மிக அதிகம் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். 22 எண்களும் எல்லாப் பாடலிலும் வராது. பாடல் முழுவதிலும் ஓரிரு முறை மட்டுமே வரும் எண்ணைத் தனியாகக் கேட்க வேண்டும். அது பெரும்பாலும் பக்கத்துப் பேடின் அதிர்வால் தானே எழுந்த பொய் அடியாக இருக்கும். வெலாசிட்டி 10க்கும் கீழே இருந்தால் சந்தேகம் வலுக்கும். அதை இந்தக் கட்டத்திலேயே நீக்கிவிட வேண்டும். பின்னால் வேறோர் எண்ணோடு கலந்துவிட்டால் கண்டுபிடிப்பது கடினம்.

மூன்றாம் கட்டத்தில்தான் பொருத்துதலின் அடித்தளம் விழுகிறது. கணக்கெடுத்த ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே, அது எந்த அடி என்று சொற்களில் எழுத வேண்டும்: ‘ஸ்நேர், தோலின் நடு’, ‘ஸ்நேர், ரிம் ஷாட்’, ‘ஹை-ஹேட், மூடியது, ஓரம்’. பலர் இந்த நடு நெடுவரிசையைத் தாண்டிவிட்டுப் பழைய எண்ணுக்குப் பக்கத்திலேயே புதிய எண்ணை எழுதுகிறார்கள். இரண்டு கிட்டுகள் மட்டும் இருக்கும்வரை அது தாங்கும். ஐந்து கிட்டுகள் புழங்கும் ஸ்டுடியோவில் ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் நேரடி அட்டவணை போட்டால் 20 அட்டவணைகள் தேவைப்படும். நடுவில் அடியின் பெயர் இருந்தால் கிட்டுக்கு ஒன்றாக ஐந்து போதும். எண் என்பது அந்தந்த மாட்யூலின் ஏற்பாடு. அடி வாசித்தவருடையது. எதைக் காப்பாற்றுகிறோம் என்பது இந்த நெடுவரிசையில் எழுத்தாக நிற்கிறது.

நான்காம் கட்டம், புதிய கிட்டைக் கேட்டறிவது. கிட்டோடு வரும் எண் பட்டியலை நம்பலாம்; ஆனால் காதால் ஒருமுறை சரிபார்த்தல் அவசியம். இதற்கென்று ஒரு சோதனைக் கோப்பு செய்து வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்: வேகம் நிமிடத்துக்கு 60, 0 முதல் 127 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரு நொடி, எல்லாவற்றுக்கும் வெலாசிட்டி 100. மொத்தம் 2 நிமிடம் 8 நொடி. அதை ஓடவிட்டு, எண்ணைத் திரையில் பார்த்தபடி, கேட்பதை எழுதிக்கொண்டே போகலாம். சில பெரிய சாம்பிள் நூலகங்களில் ஒலி எழுப்பாத எண்களும் உண்டு. அவை வாசிப்பு முறையை மாற்றும் விசைகள். சோதனைக் கோப்பு அவற்றையும் தட்டிவிடும் என்பதால், கேட்டு முடித்ததும் கிட்டை மீண்டும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஸ்வரப் பெயர்களை எழுதாமல் எண்களை எழுதுவதே பாதுகாப்பு. யமஹா வழக்கத்தில் 60ஆம் எண் சி3. ரோலண்டு வழக்கத்தில் அதே எண் சி4. ஆகவே கிக்கின் 36 ஒரு பட்டியலில் சி1 என்றும் இன்னொன்றில் சி2 என்றும் அச்சாகியிருக்கும். பெயரைப் பார்த்துப் பொருத்தினால் முழு கிட்டும் 12 எண் தள்ளிப் போய்விடும்.

ஐந்தாம் கட்டத்தில் மூன்றாவது நெடுவரிசையை நிரப்ப வேண்டும். நேர் ஒலி இருக்கும் அடிகளுக்கு யோசனை தேவையில்லை: கிக் 36, ஸ்நேரின் தோல் 38, கிராஸ் ஸ்டிக் 37, மிதிப்பு 44, ரைடு 51, நடுக்குமிழ் 53. நேர் ஒலி இல்லாத அடிகளில்தான் பொருத்துபவரின் தேர்ச்சி தெரிகிறது. தாளத்தில் அந்த அடி செய்யும் வேலையை முதலில் காப்பது, ஒலியின் நிறத்தை அடுத்துப் பார்ப்பது என்பதே நான் கடைப்பிடிக்கும் விதி. அதன்படி ஸ்நேரின் ரிம் ஷாட் 38க்குப் போகிறது. மின்னணு ஸ்நேர் பெயரளவில் ஸ்நேர்தான் என்றாலும் அது வேறொரு டிரம். முதல் கிராஷின் ஓரம் 49க்கும் இரண்டாவதின் ஓரம் 57க்கும் வருகின்றன. ரைடின் ஓரத்தை 59இலேயே விடலாம் என்று தோன்றும். ஜெனரல் மிடியில் அது இரண்டாம் ரைடு. ஆனால் ரைடின் ஓரத்தை அடிப்பவர் அதைக் கிராஷைப் போலத் திறந்து ஒலிக்கவிடவே அடிக்கிறார். அதை 57க்கு அனுப்பி வலுவைச் சற்றுக் குறைப்பது பொருந்தும். ஹை-ஹேட்டின் மூடிய ஓரம் 42, திறந்த ஓரம் 46.

டாம்களுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. ஜெனரல் மிடியில் ஆறு டாம்கள், உயரத்திலிருந்து தாழ்வுக்கு 50, 48, 47, 45, 43, 41. ரோலண்டின் மூன்று தோல்களும் 48, 45, 43. அதாவது ஆறில் இரண்டாவது, நான்காவது, ஐந்தாவது. முதலிரண்டுக்கும் நடுவே ஒன்று விடுபடுகிறது. அடுத்த இரண்டும் ஒட்டி நிற்கின்றன. ஃபில் இறங்கி வருகையில் முதல் படி அகலமாகவும் அடுத்த படி குறுகலாகவும் கேட்பதற்கு இதுவே காரணம். அவற்றை 50, 47, 43 என்று மாற்றினால் ஒன்று, மூன்று, ஐந்து என்று இடைவெளி சீராகிறது. இரண்டு எண்களை நகர்த்தியதற்கே முழு ஃபில்லும் நிமிர்ந்து நிற்பதைக் கேட்கலாம். டாமின் ரிம் அடிகளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தோலும் ரிம்மும் சேர விழுந்த வலுவான அடி என்றால் அந்தந்த டாமின் தோலுக்கே அனுப்ப வேண்டும். ரிம்மை மட்டும் ‘டிக்’ என்று தட்டி வாசித்திருந்தால் 37க்கு. நம் பாடலில் முதல் டாமின் ரிம் இரண்டாம் வகை என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அட்டவணையில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து நிற்கின்றன: 48 என்பது 50 ஆக வேண்டும், 50 என்பது 37 ஆக வேண்டும். பியானோ ரோலில் கையால் செய்பவர் முதல் வரியை முடித்துவிட்டு இரண்டாவதைச் செய்தால், நகர்ந்து வந்த டாம் அடிகளும் சேர்ந்து 37க்குப் போய்விடும். முதல் டாம் பாடலிலிருந்தே மறைந்து, அதன் இடத்தில் கட்டை தட்டும் ஒலி நிற்கும். வரிசையைத் திருப்பி, 50ஐ முதலில் 37க்கு அனுப்பிவிட்டு 48ஐ நகர்த்தினால் இது தீரும். ஆனால் இரண்டு எண்கள் ஒன்றுக்கொன்று இடம் மாற வேண்டிய கிட்டுகளில் எந்த வரிசையும் உதவாது. பாலும் மோரும் உள்ள இரண்டு டம்ளர்களை மாற்றி ஊற்ற மூன்றாவது டம்ளர் வேண்டியிருப்பதுபோல, முதலில் எல்லா எண்களையும் யாரும் பயன்படுத்தாத 100க்கு மேற்பட்ட பகுதிக்குத் தூக்கிச்சென்று, அங்கிருந்து உரிய இடத்தில் இறக்க வேண்டும். அட்டவணையைப் பார்த்து ஒவ்வொரு நோட்டையும் ஒரே ஒருமுறை மட்டும் மாற்றும் கருவி கையில் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

ஆறாம் கட்டம் ஹை-ஹேட். நம் ஜெனரல் மிடி கிட்டில் மூடியது, திறந்தது, மிதிப்பு என்று மூன்றே ஒலிகள். ஆகவே நோட் எண்ணே போதும். ஆனால் அடுத்து ஏதாவது பெரிய சாம்பிள் நூலகத்துக்கு மாற்றுவதாக இருந்தால், திறப்பின் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி எண் இருக்கும். அந்தப் படியைச் சொல்வது நோட் அல்ல, கன்ட்ரோலர் 4. பெடலின் நிலை மாறும்போதெல்லாம் மாட்யூல் இந்தச் செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும். ரோலண்டில் 0 என்றால் முழுத் திறப்பு. மதிப்பு ஏற ஏற மூடுகிறது. ஒவ்வொரு ஹை-ஹேட் நோட்டுக்கும் முன்னால் கடைசியாக வந்த கன்ட்ரோலர் 4 மதிப்பைப் படித்து, அதற்கேற்ற படியின் எண்ணைத் தர வேண்டும். மூடியதா திறந்ததா என்ற தீர்ப்பை மாட்யூலின் நோட் எண்ணுக்கே விட்டுவிட்டு, எவ்வளவு திறந்தது என்பதற்கு மட்டும் கன்ட்ரோலரைக் கேட்பது நல்லது. வேகமான மிதிப்புகளில் பெடலின் செய்தி கைக்கு ஓரிரு டிக் (மிடியின் நேர அலகு) பிந்தி வந்தாலும், மூடிய அடி திறந்ததாக மாறிவிடாது. புதிய நூலகம் தலைகீழாகப் படித்தால், அதாவது 0 என்றால் மூடியது என்று கொண்டால், 127லிருந்து மதிப்பைக் கழித்து அனுப்பினால் சரியாகும். கன்ட்ரோலர் 4ஐப் பயன்படுத்தாத கிட்டுக்குப் போகும் பிரதியிலிருந்து அந்தச் செய்திகளை முழுவதும் நீக்கிவிடலாம்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். ஜெனரல் மிடி கிட்டில் 42, 44, 46 மூன்றும் ஒன்றை ஒன்று அடக்கும். திறந்த ஹை-ஹேட் ஒலித்துக்கொண்டிருக்கையில் மூடிய அடி விழுந்தால் முந்தைய ஒலி நின்றுவிடும். நாமே சாம்பிள்களை அடுக்கிச் செய்த கிட்டில் இந்த ஏற்பாடு தானாக அமையாது. மூன்றையும் ஒரே அடக்கக் குழுவில் போட்டால்தான் நோட் எண்ணைச் சரியாகப் பொருத்தியதற்குப் பலன் உண்டு.

சிம்பலைக் கையால் பிடித்து அடக்குவதும் மிடியில் பதிவாகிறது. ரோலண்டு மாட்யூல் அதை பாலிஃபோனிக் ஆஃப்டர்டச் செய்தியாக அனுப்பும்: 169, 49, 127. நடுவிலிருக்கும் 49 ஒரு நோட் எண்தான். கிராஷின் ஓரத்தை 55லிருந்து 49க்கு மாற்றிவிட்டு ஓரத்துக்கு வரும் இதே வகைச் செய்தியில் 55ஐ அப்படியே விட்டால், பிடித்த கை ஒரு சிம்பலிலும் ஒலிக்கும் சிம்பல் வேறாகவும் ஆகிவிடும். அட்டவணை நோட் தொடக்கம், நோட் முடிவு, ஆஃப்டர்டச் ஆகிய மூன்று வகைச் செய்திகளிலும் ஒரேபோல் செல்ல வேண்டும். சில நூலகங்கள் அடக்குதலுக்கு என்றே ஒரு நோட் எண் வைத்திருக்கும். அங்கே ஆஃப்டர்டச்சை அந்த நோட்டாக மாற்றித் தரலாம்.

ஏழாம் கட்டம் வெலாசிட்டி. இதை எண்களை மாற்றுவதற்கு முன்பாகவே செய்தாக வேண்டும். ரிம் ஷாட்டும் தோல் அடியும் 38 என்ற ஒரே எண்ணில் கலந்துவிட்ட பிறகு எது எது என்று பிரிக்க வழியில்லை. ரிம் ஷாட்டின் தனித்தன்மை அதன் கூர்மை. புதிய கிட்டில் அந்த ஒலி இல்லாதபோது, வலுவின் வேறுபாட்டால்தான் அதைக் காட்ட முடியும். 40இல் வரும் அடிகளுக்கு 12 கூட்டி, 127ஐத் தாண்டாமல் நிறுத்திக்கொள்ளலாம். வாசித்தவர் ஏற்கெனவே 120க்கு மேலேயே அடித்திருந்தால் கூட்டுவதற்கு இடம் இருக்காது. அப்போது 38இல் வரும் சாதாரண அடிகளை 0.9ஆல் பெருக்கிக் கீழிறக்குவது அதே வேறுபாட்டைத் தரும். ஹை-ஹேட்டில் மேற்பரப்பும் ஓரமும் மாறி மாறி வருவதே தாளத்தின் ஆட்டம். அங்கே ஓரத்துக்கு 10 கூட்டினால் அந்த ஆட்டம் தங்கும்.

இது அடிக்கு அடி செய்யும் திருத்தம். இதற்கு மேல் கிட்டு முழுமைக்கும் ஒரு வளைவு தேவைப்படலாம். ஒரே 30 ஒரு கிட்டில் மெல்லிய கோஸ்ட் நோட்டாகவும் இன்னொன்றில் காதில் விழாததாகவும் இருக்கும். ஸ்நேரை மட்டும் வெலாசிட்டி 8, 16, 24 என்று எட்டெட்டாக ஏற்றி, கடைசியில் 127 வரை 16 அடிகள் அடித்துக் கேட்டால் எந்த இடத்தில் சாம்பிள் மாறுகிறது என்று தெரியும். மெல்லிய அடிகளை மட்டும் தூக்க வேண்டுமென்றால், மதிப்பை 127ஆல் வகுத்து, 0.8ஆம் அடுக்குக்கு உயர்த்தி, மீண்டும் 127ஆல் பெருக்கலாம். 30 என்பது 40 ஆகும், 64 என்பது 73, 100 என்பது 105, 127 அசையாது. கீழே அதிகமும் மேலே குறைவுமாக ஏறும் இந்த வளைவு கோஸ்ட் நோட்டுகளை வெளிக்கொண்டுவந்து, உச்ச அடிகளை அப்படியே விடுகிறது. கீழிறக்கும் வளைவாக இருந்தால் எந்த மதிப்பும் 0 ஆகிவிடக் கூடாது. வெலாசிட்டி 0 உள்ள நோட் தொடக்கத்தை மிடி நோட் முடிவாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே கீழ் எல்லை 1.

எட்டாம் கட்டத்தில்தான் எண்கள் மாறுகின்றன. கியூபேஸ் மென்பொருளின் டிரம் மேப் இதற்கென்றே நன்கு யோசித்துச் செய்யப்பட்ட கருவி. அதில் ஒவ்வோர் ஒலிக்கும் ஐ-நோட், பிட்ச், ஓ-நோட் என்று மூன்று எண்கள். பேடிலிருந்து வருவது ஐ-நோட்; டிராக்கில் பதிவாவது பிட்ச்; கிட்டுக்குப் போவது ஓ-நோட். மூன்றாம் கட்டத்தில் நாம் சொற்களில் எழுதிய நடு நெடுவரிசையின் இடத்தில் இங்கே பிட்ச் நிற்கிறது. கிட் மாறும்போது ஓ-நோட் நெடுவரிசையை மட்டும் மாற்றினால் போதும். டிராக்கில் ஒரு நோட்டும் அசையாது. இரண்டு வரிகளுக்கு ஒரே ஓ-நோட் தருவதால் 38உம் 40உம் திரையில் தனித்தனியே நின்றபடி ஒரே ஸ்நேரில் ஒலிக்கும். கோப்பை வேறு ஸ்டுடியோவுக்கு அனுப்பும் நாளில் மட்டும் மிடி மெனுவிலுள்ள ஓ-நோட் கன்வர்ஷன் கட்டளையால் எண்களை நிலையாக மாற்றிக்கொள்ளலாம்.

பல பாடல்களை ஒரே அட்டவணையில் மாற்ற வேண்டியவர்களுக்கு பைத்தானும் மிடோ என்ற நூலகமும் கைகொடுக்கும். அட்டவணையை ஓர் அகராதியாக எழுதி, ஒவ்வொரு செய்தியாகப் படித்து, நோட் எண்ணை அகராதியில் பார்த்து மாற்றி எழுதினால் போதும். ஒவ்வொரு நோட்டும் ஒருமுறையே அகராதிக்குப் போவதால் டாம்களின் இடமாற்றச் சிக்கல் எழ வழியில்லை. அகராதியில் இல்லாத எண் வந்தால் அதை அப்படியே விட்டுவிடாமல், வேலையை நிறுத்தி எண்ணைத் திரையில் காட்டும்படி எழுதுவது நல்லது. மிடோவில் சேனல் 9 என்றுதான் எழுத வேண்டும். கோப்பில் ஒவ்வொரு செய்தியின் நேரமும் முந்தைய செய்தியிலிருந்து எத்தனை டிக் என்றே குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே கன்ட்ரோலர் 4 போன்ற ஒரு செய்தியை நீக்கும்போது அதன் நேரத்தை அடுத்த செய்தியோடு கூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பின்வரும் பாடல் முழுவதும் முன்னோக்கி நகர்ந்துவிடும்.

இரண்டு எண்கள் ஒன்றானதன் விளைவு ஒன்று மிச்சமிருக்கிறது. தோலும் ரிம்மும் ஏறக்குறைய ஒரே கணத்தில் பதிவாகியிருந்தால், இப்போது ஒரே எண் இருமுறை ஒட்டி நிற்கும். இரண்டு சாம்பிள்கள் மேல்மேலாக ஒலித்து உலோகத்தன்மையான ஓர் ஒலி வரும். முதல் நோட்டின் முடிவு இரண்டாவதை வெட்டவும் கூடும். ஒன்பதாம் கட்டமாக இந்த இரட்டைகளை நீக்க வேண்டும். கால் அளவுக்கு 480 டிக், வேகம் 120 என்றால் ஒரு டிக் ஏறக்குறைய 1.04 மில்லி நொடி. 10 டிக்குக்குள் ஒரே எண் இருமுறை வந்தால், முதலாவதின் நேரத்தையும் இரண்டில் பெரிய வெலாசிட்டியையும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம். இதே வேகத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு நோட்டுகளுக்கிடையே 62.5 மில்லி நொடி இருக்கிறது. எந்த உருட்டலும் இந்த வடிகட்டியில் சிக்காது. பிளாம் அடியின் இரு தட்டுகளும் பொதுவாக 10 மில்லி நொடிக்கு மேல் விலகியே இருப்பதால் அவையும் தப்பும்.

பத்தாம் கட்டம் சரிபார்ப்பு, முதலில் எண்ணால், பிறகு காதால். மாற்றிய கோப்பின் நோட் எண்ணிக்கையோடு நீக்கிய இரட்டைகளைக் கூட்டினால், பொய் அடிகளைக் களைந்த பிறகு இருந்த எண்ணிக்கை வர வேண்டும். கோப்பில் வரும் ஒவ்வோர் எண்ணும் புதிய கிட்டின் பட்டியலில் இருக்க வேண்டும். 22, 26, 58 ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. எல்லா நோட் தொடக்கத்துக்கும் அதே எண்ணில் முடிவு இருக்க வேண்டும். இதன் பிறகு கிக், ஸ்நேர், ஹை-ஹேட், டாம்கள், சிம்பல்கள் என்று ஒவ்வொன்றாகத் தனித்துக் கேட்க வேண்டும். ஃபில்கள் வரும் இடங்களைப் பாதி வேகத்தில் ஓட்டினால் டாம்களின் இறங்குவரிசை துலக்கமாகத் தெரியும். கடைசியாகப் பழைய கிட்டையும் புதியதையும் நான்கு நான்கு பார்களாக மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டால், ஒலி மாறியும் தாளத்தின் அழுத்தங்கள் அதே இடங்களில் விழுகின்றனவா என்பது தெரிந்துவிடும். ஒழுங்காகச் செய்த பொருத்தத்தில் மாறும் இடம் நிறத்தில் மட்டுமே கேட்கும்.

மூன்றாவது கிட்டுக்குப் போகும்போது முதல் மூன்று கட்டங்களும் மறுபடி தேவையில்லை. நான்காம் கட்டத்தில் தொடங்கி, அடியின் பெயருக்கு எதிரே ஒரு புதிய நெடுவரிசை போட்டால் போதும். மிருதங்கம், தபலா சாம்பிள்களைச் சேர்த்து வேலை செய்பவர்களுக்கு இந்த நடுப் பட்டியல் இன்னும் அவசியம். ஜெனரல் மிடியின் 60க்கு மேற்பட்ட எண்களில் பாங்கோ, காங்கா, டிம்பாலே, அகோகோ, கிரோ, குயிக்கா என்று லத்தீன் அமெரிக்கக் கருவிகள் வரிசையாக இடம்பெற்றுள்ளன. நம் கருவிகளுக்கு அதில் எண்ணே இல்லை. ஒவ்வொரு நூலகமும் தன் போக்கில் எண் போட்டிருக்கும்போது, தொப்பி, வலந்தலை என்று பக்கத்தையும் நம், தீம் என்று அடியின் பெயரையும் சேர்த்து எழுதிய பட்டியல் ஒன்றுதான் அவற்றை இணைக்கும்.

ஆனால் மூன்றாவது கிட்டுக்கான மாற்றத்தை ஜெனரல் மிடிக்கு மாற்றிய பிரதியிலிருந்து தொடங்கக் கூடாது. அதில் ரிம் ஷாட் 38இல் கரைந்துவிட்டது, ஹை-ஹேட்டின் ஓரம் 42இல் கரைந்துவிட்டது, கன்ட்ரோலர் 4 நீக்கப்பட்டுவிட்டது. அவற்றை எந்த அட்டவணையாலும் திரும்பப் பெற முடியாது. பூட்டி வைத்த மூலத்திலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். வேலை முடிந்து ஒப்படைக்கையில் மூன்று கோப்புகள் ஒரே கோப்புறையில் இருக்கட்டும்: தொடாத மூலம், மூன்று நெடுவரிசை அட்டவணை, மாற்றிய பிரதி. மாற்றிய பிரதியின் டிராக் பெயரில் அது எந்த கிட்டுக்குரியது என்று எழுதிவிட்டால், கோப்பைத் திறப்பவருக்கு எந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஊகிக்க வேண்டிய தேவை இராது.